பொத்தான் போட்ட ஆங்கிலம்

ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் நாங்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது வழக்கம். இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகளும் சிலர் அங்கே வந்து உட்காருகிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருவர், உதவி ஸ்டேஷன் மாஸ்டராகப் புதிதாகச் சேர்ந்தவர், என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க அந்தக் காலத்துல கன்ட்ரோல் போன்ல வெள்ளைக்காரன் மாதிரியே பேசுவீங்களாமே. நாங்க பேசினா பாடம் ஒப்பிக்கிறாப்போல கீது. இயல்பா பேசறதுக்கு இன்னா பண்ணணும், எழுதிக் குடுங்க சார், நம்ம சங்கத்து மலர்ல போடலாம்."

அன்று பிடித்தது கவலை. எழுதினால் தப்பாக எழுதிவிடுவேனோ, எழுதாவிட்டால் கர்வம் என்பார்களோ. நான் இரண்டாம் பாரத்தை, அதாவது ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன். பரீட்சையில் தவறியதால் தாண்டவில்லை என்று ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. தவறிவிடுவேனோ என்ற பயத்தில் பரீட்சைக்கே போகவில்லை. அப்படிப்பட்டவன் பிறருக்குப் பாடம் சொல்வதா என்று யோசித்து, கடைசியில் யோசனை ஏதும் சொல்லாமல் நடந்ததை மட்டும் எழுதுவதாகத் தீர்மானித்தேன். ஆங்கிலத்தை இயல்பாகப் பேசியதால் எனக்கு என்ன கிடைத்தது என்பதைப் படித்த பிறகு, அந்தப் பிள்ளை வேறு ஏதாவது கற்றுக்கொள்ள ஆசைப்படலாம்.

திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. தாலுகா கச்சேரியில் தெலுங்கு, மலைமேல் முருகன் கோயிலில் தமிழ், ரயிலடியில் ஆங்கிலம். மூன்றையும் அரைகுறையாகப் பேசத் தெரிந்தால் எங்கள் ஊரில் பிழைத்துக்கொள்ளலாம். நான் போர்ட்டராகச் சேர்ந்தேன். விளக்குத் துடைத்தேன், மணி அடித்தேன், பார்சல் தூக்கினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிறகு யுத்தம் வந்தது. பட்டாளத்து வண்டி, அரிசி வண்டி, நிலக்கரி வண்டி என்று ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. டிக்கெட்டும் கொடுத்து, கைகாட்டியும் பார்த்து, போனையும் எடுக்க ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரால் ஆகவில்லை. போனுக்கு மட்டும் ஓர் ஆளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. போர்ட்டர்களில் ஆங்கில எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான்தான். உட்கார்த்தி வைத்தார்கள். அந்தத் 'தற்காலிகம்' என்ற சொல் அன்று முதல் என் தலைக்கு மேல் தொங்க ஆரம்பித்தது. நிரந்தரம் ஆக வேண்டும், அல்லது மறுபடி பார்சல் தூக்க வேண்டும்.

கன்ட்ரோல் போன் என்னவென்று வெளியாருக்காகச் சொல்கிறேன். ஜங்ஷனில் ஓர் அறையில் கன்ட்ரோலர் இருப்பார். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எது எதற்கு ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல். எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே கம்பி. அவர் ஒரு ஸ்டேஷனோடு பேசும்போது மற்ற ஸ்டேஷன்காரர்களும் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம். முகம் தெரியாது. குரல்தான் ஆள்.

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் சேஷாசலம் அந்தப் போனில் பேசுவதைப் பார்க்கவே பயணிகள் ஜன்னலோரம் நிற்பார்கள். மணி அடித்ததும் எழுந்து நிற்பார். தொங்கவிட்ட கோட்டை எடுத்து மாட்டுவார். கீழிருந்து மேலாகப் பொத்தான்களைப் போடுவார். கழுத்துப் பொத்தானைப் போடும்போது முகவாய் மேலே போகும். தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அதன் பிறகுதான் போனை எடுத்து, ஸ்டேஷன் பெயர், தம் பெயர், தம் உத்தியோகம் மூன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். கன்ட்ரோலர் சொல்வதை எழுதிக்கொள்வார். எழுதியதை முதலிலிருந்து வாசித்துக் காட்டுவார். 'ஐ பெக் டு சப்மிட்' என்றுதான் ஆரம்பிப்பார். மனுவில் எழுதுகிற ஆங்கிலம், இஸ்திரி போட்டது. அவர் வாயிலிருந்து வந்த சொற்களில் ஓர் எழுத்துகூட அடுத்த எழுத்தோடு ஒட்டியிருக்காது. அவர் காலத்தில் எங்கள் ஸ்டேஷனில் ஒரு வண்டியும் தப்பான தண்டவாளத்தில் போனதில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் நான் சட்டையோடு போனை எடுத்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கோட்டு எங்கய்யா?"

"போன்ல மூஞ்சி தெரியாதே, மாஸ்டர்."

"பொத்தான் போடாம பேசினா குரல்லயே தெரியும், நைனா."

எனக்கு ஒரு பழைய கோட்டைக் கொடுத்தார். மாட்டிக்கொண்டேன். அவர் பேசியது போலவே நானும் பேசினேன். மறுமுனையில் இருந்த கன்ட்ரோலர் ரோட்ரிக்ஸ் என்பவர். ஆங்கிலோ இந்தியர் என்று சொன்னார்கள். அந்தக் குரலைக் கேட்டு, ஆறடி உயரமும் சிவந்த மூக்குமாக ஓர் ஆளை நான் மனத்தில் வரைந்து வைத்திருந்தேன். நான் 'ஐ பெக் டு' என்று தொடங்கும்போதே அவர், "கம் ஆன், மேன், கம் ஆன்" என்பார். ஒரு நாள், திருத்தணியைக் கூப்பிட்டால் பேசி முடிப்பதற்குள் தமக்குத் தாடி வளர்ந்துவிடுகிறது என்றும், இப்படியே போனால் வேறு ஆள் கேட்டு எழுதப் போவதாகவும் கம்பி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எல்லா ஸ்டேஷனிலும் சிரித்திருப்பார்கள்.

அதன்பிறகு நான் செய்த வேலை ஒன்றே ஒன்று. எங்களுக்கு அழைப்பு இல்லாத நேரமெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ரோட்ரிக்ஸ் மற்றவர்களோடு பேசுவதைக் கேட்டேன். சொற்களை நான் கவனிக்கவில்லை. சொல் எனக்குப் புரிந்ததும் குறைவு. அவர் எங்கே ஏறுகிறார், எங்கே இறங்குகிறார், எதை மெல்லுகிறார், எதை முழுங்குகிறார் என்று கேட்டேன். ரயில் வண்டியை அவர் 'அவள்' என்பார். ஆமாம் என்று சொல்வதற்கு வாயைத் திறக்கவே மாட்டார். மூக்கால் ஒரு முனகல், அவ்வளவுதான். அதைக் கேட்ட அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நாங்கள் 'ஆங்' என்கிறோமே, அதே முனகல். எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்ததைத்தான் இங்கிலீஷ்காரன் மூக்கில் வைத்திருக்கிறான்.

அங்கிருந்து பிடித்துக்கொண்டேன். வீட்டில் யார் 'வந்து கொண்டிருக்கிறேன்' என்று சொல்கிறார்கள்? 'வந்துகினு கீறேன்' என்கிறோம். நடுவில் இருப்பதையெல்லாம் தின்றுவிடுகிறோம். அவர்களும் தின்கிறார்கள். சேஷாசலம் மாஸ்டரும் நானும் தின்னாமல் தட்டில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தோம், அதுதான் வித்தியாசம். நான் தின்னப் பழகினேன்.

பழகுவதற்கு இடம் வேண்டுமே. ரயிலடியில் செய்தால் மாஸ்டர் பார்ப்பார். வீட்டில் செய்தேன். என் மனைவி மங்கம்மா, நகரிப் பக்கத்துப் பெண், எனக்கு மாமன் மகள். என்னைப் 'பாவா' என்று கூப்பிடுவாள். நான் சுவரைப் பார்த்து, "ஆல்ரைட், மேன், லெட் ஹர் கோ" என்று முனகிக்கொண்டிருந்தபோது, முறத்தில் அரிசியோடு வந்து நின்றாள்.

"இன்னா பாவா, பல்லு வலியா?"

"இங்கிலீஷு."

"இங்கிலீஷா? வாய்ல சூடா எதையோ போட்டுகினு துப்பவும் முடியாம முழுங்கவும் முடியாம நிக்கறாப்போல கீது."

"அப்படித்தான் பேசணும்."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே பேசிகினு இருந்தே. எனக்கே ரெண்டு வார்த்த புரிஞ்சுது. இப்ப ஒண்ணும் புரியல."

அவளுக்குப் புரியவில்லை என்றதும் எனக்கு நம்பிக்கை வந்தது.

கொஞ்ச நாளில் ரோட்ரிக்ஸ் 'கம் ஆன்' சொல்வதை நிறுத்தினார். பிறகு ஒரு நாள், நான் செய்தியைத் திருப்பிச் சொல்லி முடித்ததும், "குட் மேன்" என்றார். அன்று நான் நடந்து வீட்டுக்குப் போனேனா, வேறு எப்படியாவது போனேனா என்று நினைவில்லை. ஆனால் இதில் ஒரு சங்கடமும் இருந்தது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டால் அந்தக் குரல் வராது. மாஸ்டர் அறையில் இல்லாத சமயம் பார்த்து, கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டுப் பேசுவேன். அவர் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் போட்டுக்கொள்வேன். நடுவாக்கியத்தில் 'ஐ பெக் டு சப்மிட்' வந்து புகுந்துவிடும். ரோட்ரிக்ஸ் என்னைக் குடிகாரன் என்று நினைத்திருக்கலாம்.

இன்னொரு சங்கடம், எங்களுக்கு வடக்கே அடுத்த ஸ்டேஷனில் இருந்த நாயுடு மாஸ்டர். கன்ட்ரோலர் சொன்னால் உடனே செய்வார். நான் என் பெயரைச் சொல்லிப் பேசினால், எவ்வளவு இயல்பாகப் பேசினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "யாரு, முனிரத்தினமா? உங்க மாஸ்டரைக் கூப்புடுய்யா. போர்ட்டர்கிட்ட எல்லாம் நான் பேசறதில்ல," என்பார். அவர் சொன்னதும் நியாயம். தற்காலிகத்தின் பேச்சை நம்பி நிரந்தரம் எப்படி நடக்கும்?

இப்படி இருக்கும்போது ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். காவடிக் கூட்டம் ரோட்டில் கொள்ளாமல் தண்டவாளத்தின்மேலேயே நடந்து வரும். பம்பைச் சத்தத்தில் இஞ்சின் ஊதுவதுகூடக் காதில் விழாது. அன்று காலை நாயுடு ஸ்டேஷனிலிருந்து ஒரு சரக்கு வண்டி எங்கள் பக்கம் வர வேண்டியிருந்தது. வழி காலியாக இருக்கிறது, அனுப்பலாம் என்று சேஷாசலம் மாஸ்டர் 'லைன் கிளியர்' அனுமதி கொடுத்துவிட்டு, கூட்டத்தை ஒதுக்க வடக்கே ரோடு தண்டவாளத்தைக் கடக்கும் கேட்டுக்குப் போனார். அந்த கேட் எங்கள் கைகாட்டிக்கும் வெளியே. வடக்கிலிருந்து வரும் வண்டி கேட்டைத் தாண்டிய பிறகுதான் கைகாட்டியையே பார்க்கும்.

சற்று நேரத்தில் போர்ட்டர் துலுக்காணம் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அண்ணே, கேட்டாண்ட மாட்டு வண்டி மாட்டிகினுச்சு. சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவுல எறங்கிகிச்சு. ஒரு மாடு படுத்துகினு எழமாட்டேங்குது. வண்டி நிறைய பொம்பளைங்க, கொழந்தைங்க. கூட்டத்துல எறங்கக்கூட முடியல. குட்ஸ நிறுத்தச் சொல்லி மாஸ்டரு ஓடிவரச் சொன்னாரு."

போனை எடுத்தேன். கம்பியில் நாயுடு மாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார். "கன்ட்ரோல், கன்ட்ரோல். குட்ஸ் ரெடி சார். ஸ்டார்ட்டிங் சார்." கன்ட்ரோலரிடமிருந்து பதில் இல்லை. ரோட்ரிக்ஸ் டீ குடிக்க எழுந்து போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நாயுடு இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்ப்பார், பதில் வராவிட்டால் எங்கள் மாஸ்டர் கொடுத்த அனுமதியை வைத்துக்கொண்டு வண்டியை அனுப்பிவிடுவார். நான் பெயர் சொன்னால் மாஸ்டரைக் கூப்பிடு என்பார். மாஸ்டர் கேட்டில் இருக்கிறார். இதையெல்லாம் அப்போது யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஆடி வெயிலுக்குக் கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தேன். சட்டையும் திறந்திருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஹோல்ட் ஹர், மேன். புல்லக் கார்ட் ஆன் தி லைன் அட் திருத்தணி. டோன்ட் லெட் ஹர் கோ."

"எஸ் சார். ஹோல்டிங், சார். ரைட் சார்," என்றார் நாயுடு.

மூன்று சார். என் ஆயுளில் அவர் எனக்குச் சொன்ன சார் அவ்வளவுதான், இன்னும் ஒரு சந்தர்ப்பம் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரக்கு வண்டி புறப்படாமல் நின்றது. கேட்டில் காவடிக்காரர்கள் காவடியை இறக்கி வைத்துவிட்டு மாட்டு வண்டியைத் தூக்கித் தள்ளினார்கள். மாடும் எழுந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. சரக்கு வண்டிக்குப் பின்னால் பட்டாளத்து வண்டி ஒன்று வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ரோட்ரிக்ஸ் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஹூ ஹெல்ட் மை குட்ஸ்?"

"யூ, சார்," என்றார் நாயுடு.

"மீ?"

"எஸ் சார். யூ, சார்."

நான் உடனே குறுக்கிடப் போனேன். ஆனால் அதற்குள் மாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார். நான் கோட்டை மாட்டிப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். கம்பியில் கேட்டது இதுதான்: "சார், திஸ் இஸ் திருத்தணி ஸ்டேஷன். ஐ பெக் டு சப்மிட் தட் இட் வாஸ் ஐ." விளையாட நேரமில்லை, கம்பியை விட்டுப் போ என்று ரோட்ரிக்ஸ் திட்டினார்.

அந்த வருஷங்களில் பட்டாளத்து வண்டி நின்றால் சும்மா விடமாட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள், தந்திக்கம்பியை அறுக்கிறார்கள் என்று துரைமார் தூங்காமல் இருந்த காலம். அதில், யாரென்று தெரியாத ஒரு வெள்ளைக்காரக் குரல் கம்பியில் நுழைந்து வண்டியை நிறுத்தியிருக்கிறது என்றால் எப்படி இருக்கும்? சேஷாசலம் மாஸ்டர் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார். என் போன் ஆள், என் சொற்படி, இப்படிச் சொன்னான் என்று. மேலே யாரும் அதை நம்பவில்லை. விசாரணைக்கு ஒரு துரையே புறப்பட்டு வந்தார்.

அதற்கு முந்தின நாள் என் நிலையை மங்கம்மாவிடம் விளக்கினேன். பேசியது நான்தான் என்று துரை நம்பினால், கன்ட்ரோலர் குரலில் பேசி ஏமாற்றினான் என்று என் வேலை போகும். போலீசுக்கும் போகலாம். நம்பாவிட்டால், உத்தரவு போட்டுவிட்டு இல்லையென்கிறான் என்று ரோட்ரிக்ஸின் வேலை போகும். பொய் எழுதினார் என்று எங்கள் மாஸ்டருக்கும் கெட்ட பேர்.

"நீ பேசாம அந்தப் பழைய இங்கிலீஷே பேசிகினு இருந்திருக்கலாம் பாவா," என்றாள்.

துரை தமக்கென்று ஒரு தனிப் பெட்டியில் வந்திருந்தார். அதை எங்கள் பக்கத் தண்டவாளத்தில் ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். பெட்டிக்குள்ளேயே மேஜை, நாற்காலி, மின்விசிறி எல்லாம். நீளக் கழியில் கொக்கி வைத்துக் கம்பியில் மாட்டினால் பெட்டியிலிருந்தே கன்ட்ரோல் போனைக் கேட்கலாம், அந்தக் கருவியும் மேஜைமேல் இருந்தது. வெளியே, படிக்கட்டுக்குக் கீழே, குள்ளமாக ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைவிடக் கறுப்பு. யாரோ கிளார்க் என்று நினைத்தேன்.

"நீதானா மேன் அந்த ஆளு?" என்றார் அவர். குரலைக் கேட்ட பிறகுதான் யாரென்று தெரிந்தது. ரோட்ரிக்ஸ்.

"ஆமாங்க சார்."

"நெஜமா? என்னை மாதிரியா பேசினே?"

"ஆமாங்க சார். மன்னிச்சுக்குங்க."

"மன்னிக்கிறது கெடக்கட்டும். உள்ள போயி நல்லா பேசு மேன். எனக்கு மூணு பொண்ணு."

உள்ளே போகும் முன் சேஷாசலம் மாஸ்டர் என் கோட்டைப் பார்த்தார். கீழிருந்து மேலாகப் பொத்தான் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டேன். கழுத்துப் பொத்தானை அவரே போட்டுவிட்டார்.

முதலில் நாயுடு மாஸ்டர் சாட்சி சொன்னார். கன்ட்ரோலர் குரலைப் பல வருஷமாகக் கேட்கிறேன், அவர்தான், சந்தேகமில்லை என்றார். உத்தரவு போட்டவரின் பெயரும் உத்தரவின் நம்பரும் கேட்டு எழுதிக்கொண்டாயா என்று துரை கேட்டார். குரலைக் கேட்ட பிறகு பெயர் எதற்கு என்றார் நாயுடு. துரை என் பக்கம் திரும்பி, அன்று சொன்னதை அப்படியே சொல் என்றார்.

துரையின் நீலக் கண்ணைப் பார்த்தேன். மின்விசிறி ஓடியும் வியர்த்தது. கழுத்தைக் கோட்டு இறுக்கியது. வாயிலிருந்து வந்தது இது: "சார், ஐ ரிக்வெஸ்டட் தி ஸ்டேஷன் மாஸ்டர் டு கைண்ட்லி டிடெய்ன் தி குட்ஸ் ட்ரெய்ன், அஸ் எ புல்லக் கார்ட் வாஸ் ஸ்டாண்டிங் அப்பான் தி லைன்."

துரை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. மேஜைமேல் இருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு ரோட்ரிக்ஸைப் பார்த்து, இந்த ஆளின் குரலை உன் குரலென்று நான் நம்ப வேண்டும், அப்படித்தானே என்றார். ரோட்ரிக்ஸ் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "சார், டெலிபோன், சார்," என்றேன். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. சேஷாசலம் மாஸ்டர்தான் எழுந்து நின்று, தம் மனு ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்தி விளக்கினார். இந்த ஆளுக்கு நேரில் பேச வராது. ஸ்டேஷனுக்குப் போய்ப் போனில் பேசட்டும். துரையவர்கள் இங்கிருந்தே கேட்டருள வேண்டும். அதுவரை ரோட்ரிக்ஸ் துரையவர்களுக்கு எதிரே வாயை மூடிக்கொண்டு நிற்கட்டும். முழுதும் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு அழகான ஆங்கிலத்தை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. துரை சரி என்றார்.

நானும் மாஸ்டரும் ஸ்டேஷன் அறைக்கு வந்தோம். போனுக்கு எதிரே நின்றேன். மணி அடித்தது. துரை அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார். எடுக்க வேண்டியதுதான். எடுக்க முடியவில்லை. மாஸ்டரைப் பார்த்தேன். என் கை கழுத்துப் பக்கம் போனதை அவரும் பார்த்தார்.

"இதானா சங்கதி?" என்றார். "எத்தினி நாளா நடந்துகினு கீது இது?"

நான் கையைக் கீழே இறக்கினேன்.

அவர் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த கால அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தார். "சீக்கிரம் ஆவட்டும்," என்றார் அட்டவணையிடம்.

கழுத்துப் பொத்தானைத் திறந்தேன். அடுத்ததையும் திறந்தேன். கோட்டையே கழற்றி நாற்காலியில் போட்டேன். போனை எடுத்து, ஒரு முனகலோடு ஆரம்பித்தேன். அன்று சொன்னதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நன்றாக வந்துவிட்டதால் நிறுத்த மனம் வரவில்லை. திருத்தணியைக் கூப்பிட்டால் தாடி வளர்கிறது என்று ரோட்ரிக்ஸ் என்னைத் திட்டியதையும், கம் ஆன், மேன், கம் ஆன் என்பதையும் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தேன்.

பெட்டிக்குள் நடந்ததை நாயுடு மாஸ்டர் பிறகு சொன்னார். துரை போனைக் காதில் வைத்துக்கொண்டு ரோட்ரிக்ஸின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒருமுறை எழுந்து மேஜைக்கு அடியில்கூடப் பார்த்தாராம். ரோட்ரிக்ஸ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை என்றார் நாயுடு.

நான் கோட்டை மாட்டி எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு திரும்பிப் போனேன். துரை தீர்ப்புச் சொன்னார். நான் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறேன். மேலதிகாரியின் சொற்படி செய்திருக்கிறேன். ஆகவே தண்டனை இல்லை, என்னை நிரந்தரமாக்க அவரே எழுதுவார். இருக்கையை விட்டுப் போனதற்கு ரோட்ரிக்ஸுக்கு எச்சரிக்கை மட்டும். பெயரும் நம்பரும் கேளாததற்கு நாயுடுவுக்கு அபராதம். ஆனால் ஒரு கம்பியில் இரண்டு ரோட்ரிக்ஸ் இருக்க முடியாது. இன்று முதல் நான் போனில், சற்று முன் அவர் எதிரில் பேசினேனே, அந்த ஆங்கிலத்தைத்தான் பேச வேண்டும். வேறு மாதிரி பேசுவது தெரிந்தால் வேலை இல்லை. எங்கே, ஒருமுறை பேசிக் காட்டு.

"சார், திஸ் இஸ் திருத்தணி ஸ்டேஷன். ஐ பெக் டு சப்மிட்..."

"தட்ஸ் இட்," என்றார் துரை, முகம் மலர்ந்து. "அதுதான் உனக்கு இயல்பாக இருக்கிறது."

நிரந்தரம் வந்தது. மங்கம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய் முடி காணிக்கை கொடுத்துவிட்டு வந்தாள். "அவ்ளோ கஷ்டப்பட்டுக் கத்துகினதை மறக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். மறப்பது கற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவசரத்தில் ஒரு முனகல் வந்துவிடுமோ, கம்பியில் யாராவது கேட்டு எழுதிப் போட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு மணிக்கும் பயம். கழுத்துப் பொத்தானை ஊசி நூலால் தைத்தே வைத்துவிட்டேன். புதிதாக வந்த உதவி மாஸ்டர்கள் நான் பேசுவதைக் கேட்டு வெளியே போய்ச் சிரிப்பார்கள். மேலிடத்திலிருந்து வந்தவர்கள், ஆங்கிலம் போதாது, முன்னேற முயல வேண்டும் என்று எனக்கு அறிவுரை சொன்னார்கள். முயல்கிறேன் சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ரோட்ரிக்ஸ் மட்டும் ஒருமுறைகூட 'கம் ஆன்' சொல்லவில்லை. நான் ஐ பெக் டு சப்மிட் என்று தொடங்கி முடிக்கும்வரை, மறுமுனையில் சத்தமில்லாமல் காத்திருப்பார்.

பிறகு துரைமார் போனார்கள். சுதந்திரக் கொடியை எங்கள் ஸ்டேஷனிலும் ஏற்றினோம். என்மேல் இருந்த உத்தரவைப் போட்டவர் கப்பலேறிவிட்டார், ஆனால் உத்தரவை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. நீக்குங்கள் என்று கேட்க எனக்குப் பயம். அவர் போன சில மாதத்தில் ரோட்ரிக்ஸும் பெண்களோடு சீமைக்கே போகிறார் என்று கம்பியில் பேச்சு வந்தது. அவருடைய கடைசி நாள் பிற்பகல், எங்கள் மணி அடித்தது. மாஸ்டர் அறையில்தான் இருந்தார். போனை எடுத்தேன்.

மறுமுனையில் கனைக்கும் சத்தம். பிறகு ரோட்ரிக்ஸின் குரல், நிறுத்தி நிறுத்தி, ஓர் எழுத்தும் ஒட்டாமல் வந்தது. "சார். திஸ் இஸ் கன்ட்ரோல். ஐ பெக் டு சப்மிட் தட் ஐ ஆம் கோயிங். கைண்ட்லி பெர்மிட் மீ, சார்."

என் குரலில் பேசினார். எங்கள் மாஸ்டர் குரலில் பேசினார் என்றும் சொல்லலாம். கம்பி முழுக்க மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

கழுத்துப் பக்கம் கை போனது. தைத்து வைத்த பொத்தான் லேசில் வரவில்லை. இழுத்தேன். தெறித்து எங்கோ ஓடியது.

"ம்," என்று முனகினேன். "ஆல்ரைட், மேன். லைன் கிளியர். லெட் ஹர் கோ."

ரோட்ரிக்ஸ் வாயைத் திறப்பதற்குள் வடக்கிலிருந்து நாயுடு மாஸ்டர் அவசர அவசரமாகக் குறுக்கிட்டார். அபராதம் கட்டிய நாளிலிருந்து அவர் யார் பேசினாலும் பெயரும் நம்பரும் கேட்டு எழுதாமல் விடுவதில்லை.

"எஸ் சார். எந்த வண்டி சார்? தங்கள் பெயர் சார்? நம்பர் சார்?"

ரோட்ரிக்ஸ் சிரித்த சிரிப்பு கம்பியெல்லாம் கேட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். சேஷாசலம் மாஸ்டர் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். எழுந்து, என் கையில் பொத்தானை வைத்தார்.

"தைக்கறதுக்கு முன்னால, நாயுடுவுக்குப் பதில் சொல்லிடு," என்றார். "பாவம், எழுதிக்கறதுக்குக் காத்துகினு கீறான்."